வெலிச்கா சொன்ன நே

மிக்லேனாவுக்குக் கிரேக்க மொழி தெரியும் என்று எல்லோரையும் நம்பவைத்தது வேறு யாரும் இல்லை, அவளேதான். பல்கேரியாவில், பிளெவென் நகரத்தில், மருத்துவம் நாலாம் வருஷம் படிக்கிறவள். ஒரு வருஷமாகச் செல்போனில் பாடம் கேட்டு, கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். கோடை விடுமுறையில் நான்கு வாரம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று அறிவிப்பு வந்தபோது, 'கிரேக்கம் நன்றாகப் பேசுவேன்' என்று துணிந்து எழுதிக்கொடுத்துவிட்டாள். கிரேக்க நாட்டில் தெசலோனிக்கி கிடைத்தது. அவளுடைய அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் தண்டோரா போட்டாள். மகளுக்குக் கல்யாணம் என்றால்கூட அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

வந்து இறங்கிய பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. நோயாளிகள் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியாது. மீதிப் பாதியை அவர்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வாள். முகம் சுளித்தால் வலி, கண்ணை மூடினால் களைப்பு, கையை உதறினால் போய்த் தொலை. இந்த அகராதியை வைத்துக்கொண்டே மூன்று வாரம் ஓட்டிவிட்டாள். நுரையீரல் வார்டின் டாக்டர் கராவியாஸ் அவளைக் கண்டுபிடித்துவிட்டாரா, கண்டுபிடித்தும் விட்டுவைத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். நெட்டை மனிதர். எள் ஒட்டிய வளையரொட்டியைக் கடித்துக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே பாடம் சொல்வார். பயிற்சி முடிந்ததற்கான சான்றிதழில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று காலை அவர் வழக்கத்துக்கு மாறாக நின்று பேசினார்.

"மிக்லேனா, உங்க ஊரம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. நிமோனியா மாதிரி இருக்கு. கிரேக்கம் பேசுவாங்க, ஆனாலும் காய்ச்சல்ல சொந்த பாஷைதான் சுலபம். இன்னிக்கு நீதான் எங்களுக்குக் காது. போய் எல்லா விவரமும் கேட்டு எழுதிட்டு வா."

மூன்று வாரத்தில் முதல்முறையாக அவளிடம் ஒரு வேலை வந்திருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, கேஸ் ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறவள் மாதிரி போனாள்.

ஜன்னலோரக் கட்டிலில் வெலிச்கா உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். காய்ச்சலில் கன்னம் சிவந்திருந்தது. படுத்த படுக்கையான ஒரு கிரேக்கக் கிழவியின் வீட்டோடு தங்கி, அவளுக்கு எல்லாம் பார்க்கிற வேலை. மிக்லேனா தன் கிரேக்கத்தில் ஒரு வாக்கியம் தொடங்கினாள். அது முடிவதற்குள் வெலிச்காவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்துவிட்டது.

"அடி பொண்ணே, நீ நம்ம ஆளா! நம்ம பாஷையிலயே பேசு கண்ணு. எதுக்கு நாக்கைச் சுளுக்கிக்கிற?"

"பிளெவென், சித்தி. நீங்க?"

"விதின். ஊர் பேரைச் சொன்னாலே வாயில எச்சில் ஊறுது பாரு. இந்நேரம் தெருவெல்லாம் மிளகாய் சுட ஆரம்பிச்சிருப்பாங்க, இல்ல? நான் இங்க வந்து பத்தொம்பது வருஷம். இவங்களும்தான் மிளகாய் சுடுறாங்க. அதுல ஒரு வாசமும் கிடையாது."

கேள்வி கேட்பதும் கதை பேசுவதுமாகப் போயிற்று. சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. வெலிச்காவின் பேச்சு பல்கேரியம்தான், ஆனால் அரிசியில் கல் மாதிரி நடுநடுவே கிரேக்கச் சொல் வந்து விழுந்தது. அது விழுவது அவளுக்கே தெரியவில்லை. மிக்லேனாவுக்கோ மூன்று வாரம் கழித்துத் தாய்மொழி காதில் விழுந்த குஷி. கல்லையும் சேர்த்து மென்று விழுங்கினாள்.

"பென்சிலின் ஊசி, மாத்திரை ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா சித்தி?" என்று குனிந்து எழுதிக்கொண்டே கேட்டாள்.

வெலிச்காவின் போன் அடித்தது.

"நே," என்றாள் வெலிச்கா. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். கிழவியின் மகள். மாற்றுத்துணிப் பை எங்கே, தூக்க மாத்திரை எந்த டப்பாவில் என்று மறுமுனை கத்திக்கொண்டிருந்தது. வெலிச்கா இருமலை அடக்கிக்கொண்டு, தான் காய்ச்சலில் விழுந்ததற்காக மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னாள்.

பல்கேரியத்தில் 'நே' என்றால் இல்லை. மிக்லேனா அதைக் கிரேக்கத்தில் எழுதினாள். கிரேக்கத்தில் இல்லை என்பதற்கு 'ஓஹி'. அலர்ஜி என்ற இடத்துக்கு நேரே பெரிதாக, ஒரு பிசிறு இல்லாமல் எழுதினாள். அவள் கையெழுத்து எப்போதும் அழகு.

டாக்டர் கராவியாஸ் வாங்கிப் பார்த்தார். "பலே! எங்க பசங்ககூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க," என்று கீழே தன் கையெழுத்தைப் போட்டார். நர்ஸ் ஸ்தமாதியாவைக் கூப்பிட்டு, "சிஸ்டர், எக்ஸ்ரே எடுத்துட்டு வந்ததும் இந்தம்மாவுக்கு டிரிப்ஸ்ல மருந்து ஆரம்பிச்சிடுங்க," என்றார். பென்சிலின் வகை மருந்துதான். மிக்லேனாவின் உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சியோடு மதியம் சாப்பிடப் போனாள். பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு மாணவர்களை மேய்ப்பதற்கு மிர்தோ என்று ஓர் உள்ளூர்ப் பெண்ணை நியமித்திருந்தார்கள். அவளும் மருத்துவ மாணவிதான். அன்று அவர்களைக் கீழே சந்தைப் பக்கம் ஓர் இறைச்சிக் கடைக்கு அழைத்துப் போனாள். நெருப்பில் வாட்டிய இறைச்சியை ரொட்டியில் சுருட்டித் தருகிற கடை. கூட வந்தவன் செக் நாட்டு வொய்தெக். வெங்காயம் என்றால் காத தூரம் ஓடுகிறவன்.

"வெங்காயம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நே, நே!" என்றான் வொய்தெக்.

கடைக்காரர் ஒரு கை அள்ளிப் போட்டார்.

"நே! நே! நே!" என்று அவன் அலறினான். கடைக்காரர் பூரித்துப்போய் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார்.

மிர்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டேய், எங்க ஊர்ல 'நே'ன்னா ஆமாம்டா! நீ கத்தக் கத்த அவரு, பாவம் பையன் வெங்காயத்துக்கு ஏங்கிப் போயிருக்கான்னு போட்டுக்கிட்டே இருக்காரு!"

"தெரியும்! மூணு வாரமா தெரியும்!" என்று வொய்தெக் தலையில் அடித்துக்கொண்டான். "என் வாய்க்குத் தெரிய மாட்டேங்குதே, நான் என்ன செய்ய? எங்க ஊர்ல பிறந்ததுல இருந்து இல்லைங்கிறதுக்கு இதானே சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். மிக்லேனாவும் சிரித்தாள். அவளுக்கும் இதே கூத்து நடந்திருக்கிறது. முதல் வாரம் காபிக்கடையில் 'சர்க்கரை நே' என்று சொல்லிப் பாகு குடித்தாள். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

மூன்று வாரத்தில் வாய் பழகாது. சரி. பத்தொன்பது வருஷத்தில்?

சந்தை இரைச்சல் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. வெலிச்கா 'நே' என்றாளே, அது எந்த நே? பல்கேரியத்தில் கேட்ட கேள்விக்குப் பல்கேரியத்தில் வந்த இல்லையா? பத்தொன்பது வருஷம் கிரேக்க வீட்டில் கிடந்து பழகிய வாயில் தானாக வந்த ஆமாமா? அதுவும் இல்லாமல், போன் அடித்ததும் இந்த ஊர்க்காரர்கள் 'நே' என்று சொல்லித்தானே எடுக்கிறார்கள், அப்படிச் சொன்னதா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று வாரமாக எல்லோர் முகத்தையும் பார்த்தே பிழைத்தவள், சொந்த பாஷை பேசியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாக எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால்? அந்த மருந்து உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பாடம். தோல் தடிக்கும், தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும், இரத்த அழுத்தம் விழும். அப்புறம் ஆள் போய்விடும்.

"என்னடி, மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு?" என்று மிர்தோ கேட்டாள்.

இந்த இடத்தில் மிக்லேனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மிர்தோ உள்ளூர்க்காரி. வார்டுக்குப் போன் போட்டு அவள் மொழியில் அரை நிமிஷத்தில் சொல்லி நிறுத்தியிருப்பாள். டாக்டர் கராவியாஸின் நம்பரே மிக்லேனாவின் போனில் இருந்தது. முதல் நாளே கொடுத்து, "எதுன்னாலும் கூப்பிடு, கூச்சப்படாதே," என்று சொல்லியிருந்தார்.

"வெயில்," என்றாள் மிக்லேனா. "தலை சுத்துது. நான் ரூமுக்குப் போறேன்."

"கூட வரட்டுமா?"

"வேணாம், வேணாம். நீங்க சாப்பிடுங்க."

சந்தைக்கு வெளியே வந்து போனை எடுத்தாள். டாக்டர் கராவியாஸ் என்ற பெயரைத் தொட்டாள். மணி அடிப்பதற்கு முன்னால் துண்டித்தாள். என்னவென்று சொல்வது? 'டாக்டர், நான் கேட்டேன், ஆனா பதில் என்னன்னு எனக்குத் தெரியாது' என்றா? நான்கு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த பொய், மூன்று வாரம் மண்டையை ஆட்டிய ஆட்டம், எல்லாம் ஒரே போனில் நாறிவிடும். சான்றிதழ் போகட்டும். பிளெவென் ரயில் நிலையத்தில் அம்மா வந்து நிற்பாள். ஏன் ஒரு வாரம் முன்னாடியே வந்துட்ட என்று தெருவே கேட்கும். இனிமேல் அந்தக் கல்லூரியிலிருந்து யாரையும் இங்கே சேர்க்க மாட்டார்கள். மிக்லேனாவால்தான் என்று வருஷா வருஷம் சொல்லுவார்கள்.

எக்ஸ்ரே அறையில் எப்போதும் கூட்டம். வெலிச்கா இன்னும் அங்கேயே காத்திருப்பாள். ஓடிப்போய், ஒரே ஒரு கேள்வி கேட்டு, தேவைப்பட்டால் தாளைத் திருத்திவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். ஒருவருக்கும் தெரிய வேண்டாம். இப்படி நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் எக்னாத்தியா சாலையில் நகர்வேனா என்றது. முன்னால் ஒரு லாரிக்காரனும் ஒரு டாக்ஸிக்காரனும் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவனையொருவன் பரம்பரை பரம்பரையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் டிரைவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். மிக்லேனாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை வேர்த்துப் போன் வழுக்கியது. அந்தக் கையில் இருந்த போனை அவள் இன்னொரு தடவை பார்த்தாள். பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"கதவைத் திறங்க! ஐயா, கதவைத் திறங்க!"

"இங்க நிறுத்தம் கிடையாதும்மா."

"ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி!" என்றாள். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்தார். மேட்டுத் தெருவில் ஓடினாள். ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது. இல்லைன்னுதான் சொல்லியிருப்பா, இல்லைன்னுதான் சொல்லியிருப்பா என்று அடிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டே ஓடினாள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அவள் கால் வைத்தியத்தில் நிற்கிறாள், அதற்குள் கணக்கு தொடங்கிவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. லிஃப்டுக்கு நிற்காமல் மாடிப்படி ஏறினாள்.

எக்ஸ்ரே அறையில் அன்று பார்த்துக் கூட்டமே இல்லை.

வெலிச்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலைக்கு மேல் பாட்டில் தொங்கியது. சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் கிட்டத்தட்ட நிறையவே இருந்தது, இப்போதுதான் மாட்டியிருக்க வேண்டும். வார்டில் நர்ஸ் யாரும் கண்ணில் படவில்லை. மிக்லேனா முதலில் திரும்பி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். அப்புறம்தான் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைத் தள்ளி அடைத்தாள்.

"என்ன கண்ணு, மாரத்தான் ஓடிட்டு வர்ற?" என்றாள் வெலிச்கா. குரல் கரகரத்தது. இடது கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"சித்தி, பென்சிலின் உங்களுக்கு ஒத்துக்குமா, ஒத்துக்காதா?"

"காலையிலேயே சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"நேன்னு சொன்னேனே."

மிக்லேனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந்த நே சித்தி? ஒரு வார்த்தையில சொல்லாதீங்க. முழுசா சொல்லுங்க. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க."

வெலிச்கா அவளை விநோதமாகப் பார்த்தாள். கழுத்தைச் சொறிவதை மட்டும் நிறுத்தவில்லை. "சின்னப் புள்ளையில தொண்டைக்கட்டுன்னு ஊசி போட்டாங்க. மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சு. பிழைக்காதுன்னு எங்கம்மா கத்துன கத்துல தெருவே கூடிடுச்சு. டாக்டர், இனிமே இந்த ஊசி பக்கமே போகாதேன்னாரு. அதைத்தான் கேக்குற, இல்ல? என்னமோ கண்ணு, இங்க ரொம்பப் புழுக்கமா..."

பேச்சு நின்றது. கழுத்தில் சிவப்புத் தடிப்புகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு மேலே ஏறின. உதடு தடித்தது. உள்ளே இழுத்த மூச்சு விசில் அடித்தது. வெலிச்கா மிக்லேனாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். காய்ச்சலில் வெந்துகொண்டிருந்த கை இப்போது சில்லென்று இருந்தது. கண்கள் மட்டும் பேசின. அதற்கு அகராதி தேவைப்படவில்லை. அந்த அம்மாள் பயந்துபோயிருந்தாள்.

மிக்லேனா கத்த வாயைத் திறந்தாள். கிரேக்கம் ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டிருந்தது. உதவி என்பதற்கு என்ன? ஊசி என்பதற்கு? கடைசியில், எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தம் வந்தது, வண்டிச் சக்கரத்தில் வால் மாட்டிக்கொண்ட நாய் போடுகிற சத்தம். அதைத் தொடர்ந்து, "அட்ரினலின்! அட்ரினலின்!" என்று கத்தினாள். நல்லவேளையாக அந்தச் சொல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஸ்தமாதியா ஓடிவந்தாள். ஒரே பார்வை. மிக்லேனாவைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு, "காலைத் தூக்கிப் பிடி பொண்ணே! நிக்காதே, பிடி!" என்றாள். தொடையில் ஊசி இறங்கியது. தலைமாட்டைத் தாழ்த்தினார்கள், ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினார்கள், பாட்டிலைக் கழற்றி வேறு பாட்டில் போட்டார்கள். டாக்டர் கராவியாஸ் வாயில் ரொட்டியோடு வந்தார். அதை எங்கே துப்பினார் என்று தெரியாது. இரண்டாவது ஊசியும் போட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் மிக்லேனா வெலிச்காவின் இரண்டு கால்களையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். வெடித்துப்போன குதிகால்கள். கடவுளே, கடவுளே என்று மட்டும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் நடுங்கின. அவை வெலிச்காவின் கால்களா தன் கால்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசில் சத்தம் மெல்லக் குறைந்தது. இரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் கராவியாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டினார். ஓர் இடத்தில் அவர் கண் நின்றது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாலை வெலிச்காவுக்குப் பேச்சு வந்தது. முகமூடியை ஒதுக்கிக்கொண்டு, பக்கத்தில் நாற்காலியில் ஒடுங்கியிருந்த மிக்லேனாவின் கையைப் பிடித்தாள்.

"கிட்ட வா. அவரு வந்து கேப்பாரு. நான் பாத்துக்கறேன்."

"என்ன சித்தி பாத்துக்கறது? நீங்க பேசாதீங்க."

"தப்பு என்னுதுதானே கண்ணு? நீ நம்ம பாஷையில கேட்ட. நான் அவங்க பாஷையில பதில் சொல்லியிருக்கேன். கனவுகூட இப்பல்லாம் அவங்க பாஷையிலதான் வருது, என்ன பண்ணச் சொல்ற? ஊசி சமாச்சாரத்தையே மறந்துட்டேன்னு சொல்லிடறேன். இல்லைன்னு சொன்னேன்னு சொல்லிடறேன். காய்ச்சல்ல புத்தி கலங்கிடுச்சுன்னா யாரு என்ன கேக்கப் போறா? உனக்குப் படிப்பு இருக்கு. எனக்கு என்ன போச்சு? மத்தவங்க வீட்டுல இருக்கிறவளுக்கு மன்னிப்புக் கேக்கறது ஒரு பெரிய வேலையா?"

மிக்லேனா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, தோன்றியதோடு சரி. வேலை செய்து வெடித்துப்போன அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், பயம் ஒரு மூச்சு விட்டு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது.

டாக்டர் கராவியாஸ் வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"வெலிச்கா அம்மா, இப்ப எப்படி இருக்கு?"

"உங்க புண்ணியம் டாக்டர்."

"ஒண்ணு கேக்கணும். காலையில இந்தப் பொண்ணு உங்ககிட்ட மருந்து அலர்ஜி பத்திக் கேட்டாளா?"

"கேட்டாளே டாக்டர். தங்கமான பொண்ணு. என் புத்திதான் கெட்டுப்போச்சு. சின்ன வயசுல நடந்தது, சுத்தமா மறந்துட்டேன். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு நான்தான் சொன்னேன். உங்க எல்லாருக்கும் எவ்வளவு தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க."

டாக்டர் கராவியாஸின் தோள் தளர்ந்தது. அதை மிக்லேனா பார்த்தாள். அந்தத் தாளின் அடியில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. நோயாளியே மறந்துவிட்டாள் என்றால் அவருக்கும் நிம்மதி, ஸ்தமாதியாவுக்கும் நிம்மதி, பிளெவெனில் அம்மாவுக்கும் நிம்மதி. எல்லோருக்கும் நல்லதாக ஒரு பொய் கட்டிலில் தயாராகக் கிடந்தது. அவள் தலையை ஆட்டினால் போதும்.

"அப்படித்தானா மிக்லேனா?" என்று அவர் கேட்டார். "அவங்க இல்லைன்னுதான் சொன்னாங்களா?"

வெலிச்கா அவள் விரல்களை அழுத்தினாள். சும்மா இரு என்று பொருள்.

மத்தியானம் முழுக்கப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று மிக்லேனாவுக்கு அப்போது தெரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்தால்தான் சொல்ல முடியும் போலிருந்தது.

"இல்ல டாக்டர். அவங்க ஆமான்னுதான் சொன்னாங்க. நான்தான் அவங்க முகத்தைப் பாக்காம இல்லைன்னு எழுதிட்டேன்."

"விடு கண்ணு..." என்றாள் வெலிச்கா.

"இன்னும் இருக்கு." கிரேக்கம் தப்பும் தவறுமாக வந்தது. அவள் நிறுத்தவில்லை. "மத்தியானம் கடையில நிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தப்பா இருக்கலாம்னு தெரிஞ்சுபோச்சு. கையில போன் இருந்துச்சு. உங்க நம்பரை எடுத்தேன். அடிக்கிறதுக்கு முன்னாடி கட் பண்ணிட்டேன். மாட்டிக்குவேன்னு பயம். யாருக்கும் தெரியாம நானே வந்து சரிபண்ணிடலாம்னு பஸ் ஏறினேன். அப்ப நான் கூப்பிட்டிருந்தா அந்த பாட்டிலை மாட்டியே இருக்க மாட்டாங்க."

டாக்டர் கராவியாஸ் கேஸ் ஷீட்டை மடிமேல் கவிழ்த்து வைத்தார்.

மிக்லேனா பேசியது ஓட்டைக் கிரேக்கம்தான். ஆனால் கட்டிலில் படுத்திருந்தவளுக்கு அந்த மொழி கனவில்கூட வருகிற மொழி. ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது. காலையிலிருந்து கண்ணு, கண்ணு என்றவளின் கை தளர்ந்தது. அப்புறம் விலகிப் போர்வைக்குள் போயிற்று.

"தெரிஞ்சுமா?" என்று வெலிச்கா கேட்டாள்.

இந்தத் தடவை மிக்லேனா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும்தான் சித்தி," என்றாள்.